அப்பாவின் காரில் உன் குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சோசே அத்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுத வந்து பேனாவை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் நீ சுகமாக இருக்கிறாய் என்பது இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் எனக்கு மட்டும் என்று ஒரு குரல் பதிவு அனுப்பினாயே, கிறிஸ்துமஸுக்கு வரப்போவதில்லை என்று, அதை அப்பா கேட்டுவிட்டார். நான் போட்டுக் காட்டவில்லை அம்மா, சத்தியமாக இல்லை. ஆனால் என்னால்தான் கேட்டார். அப்பா மட்டும் இல்லை, போதகர் வீட்டிலிருந்து பாலம் வரைக்கும் எல்லோரும் கேட்டார்கள். போன் செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது, தூங்கும்போதும் சட்டையைக் கழற்றுவதில்லை. அதனால்தான் கடிதம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற லெய்ட்டு நாளைக் காலை விமானத்தில் உன் பண்ணைக்கே வேலைக்கு வருகிறாள், சனிக்கிழமைக்குள் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா உனக்குப் போன் செய்வார். அன்றைக்கு அவருடைய பிறந்தநாளும்கூட. அவர் போன் செய்வதற்கு முன்னால் நீ இதைப் படித்திருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கொசுவலைக்குள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சோலார் விளக்கை மடியில் வைத்து எழுதுகிறேன். அத்தை குறட்டையை நிறுத்தும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன், அதனால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் கோபப்படாதே.

நீ அனுப்பிய பெட்டியில் சோப்புக்கும் பதப்படுத்திய கறி டின்னுக்கும் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்ததே, அப்பாவின் கார் ஸ்டீரியோவில் மாட்டினால் பென் டிரைவில் பாட்டுக் கேட்கலாம் என்று சொன்னாயே, அதை நானே மாட்டினேன். நீ பாடி அனுப்பிய நாலு ஞானப்பாட்டையும் அதில் ஏற்றி, பிறந்தநாள் அன்று காலையில் கோயிலுக்குப் போக அவர் சாவியைத் திருப்பும்போது உன் குரல் வர வேண்டும், அதுதானே நம் திட்டம். கடையில் கொடுத்துச் செய்யச் சொன்னாய். கடைக்குக் காரைக் கொண்டு போனால் அப்பாவும்தானே கூட வருவார், இது உனக்கும் தோன்றவில்லை எனக்கும் முதலில் தோன்றவில்லை. அதனால் போன சனிக்கிழமை மதியம் அவர் சாப்பிட்டுப் பாயில் சாய்ந்ததும், தாளில் போட்டிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து நானே உட்கார்ந்தேன். பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றச் சொல்லியிருந்தது, கழற்றினேன். ஸ்டீரியோவைச் சுற்றியிருக்கும் பலகையைக் கீறல் விழாமல் நெம்ப வேண்டும் என்று கத்தியில் துணி சுற்றி நெம்பினேன். அது டப்பென்று பிரிந்த சத்தத்துக்கு நானே பயந்து சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன். நாலு திருகாணி. பெட்டியை வெளியே இழுத்தால் பின்னால் நூறு கம்பிகள், ஆனால் அந்தப் பிளக் நுழைகிற மாதிரி ஒரே ஒரு ஓட்டைதான். அதில் ஏற்கெனவே ஒரு கம்பி இருந்தது, அது டிக்கியில் இருக்கிற ஆறு சிடி போடும் பெட்டிக்குப் போகிற கம்பி. நாம் இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து யாரோ ஒரு ஜப்பான்காரருடைய சிடியைக் கவ்வி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதே, அதுதான். அதைப் பிடுங்கிவிட்டு உன்னுடையதைச் சொருகினேன். தாளில் எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன், ஸ்டீரியோவுக்கு இது பென் டிரைவ் என்றே தெரியாதாம், டிக்கியில் இன்னும் சிடி பெட்டிதான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே பாடுமாம். ஒரு பொருளை இப்படி ஏமாற்ற முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

ஆனால் பாடவில்லை. பேட்டரிக் கம்பியைத் திரும்ப மாட்டி, பாதிச் சாவி திருப்பினேன், கார் கடிகாரம் ஒரு மணி என்று சிமிட்டியது, வழக்கம்போல காருக்குள்ளிருந்து பேசுகிற அந்த ஜப்பான்காரி ஏதோ அட்டை இல்லை என்று சொல்லிவிட்டு ஓய்ந்தாள். சிடி பட்டனை அழுத்தினேன், திரையில் ஏதோ ஜப்பான் எழுத்து வந்தது, சத்தம் இல்லை. சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருப்பினேன், இன்னும் திருப்பினேன், கடைசி வரைக்கும் திருப்பினேன். ஒன்றும் இல்லை. அப்பா பாயில் புரண்டார், நான் பென் டிரைவை மட்டும் உருவிக்கொண்டு, எல்லாவற்றையும் பொருத்தி மூடிவிட்டு ஓடிவந்துவிட்டேன். குமிழைத் திரும்பக் குறைத்தேனா? குறைக்கவில்லை அம்மா. இரண்டு நாள் அப்பா அந்தக் காரிலேயே ஆட்களை ஏற்றி இறக்கினார், பென் டிரைவ் இல்லாததால் ஸ்டீரியோ வாயைத் திறக்கவில்லை, அவரும் அதைத் தொடவில்லை. தாளின் கடைசியில் பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன், பாட்டைச் சும்மா போட்டால் ஆகாது, ஒரு பையைப் போல ஃபோல்டர் செய்து அதற்கு சிடி ஒன்று என்று பேர் வைத்து அதற்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீரியோவுக்குக் கண் தெரியாது. செவ்வாய்க்கிழமை பள்ளியில் கம்ப்யூட்டர் அறையை மூடப்போகிற நேரத்தில் போனையும் பென் டிரைவையும் கொண்டுபோனேன். டீச்சர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, “சீக்கிரம்டி, எனக்குப் பஸ் போயிடும்” என்றார். நாலு பாட்டைத் தேடி எடுக்க நேரம் இல்லை, உன்னுடைய குரல் பதிவு எல்லாம் இருக்கிற இடத்தை மொத்தமாக இழுத்துப் போட்டேன். அந்தப் பதிவை நான் அன்றைக்கே அழித்துவிட்டேன் அம்மா. நீ அழிக்கச் சொன்னாய், அழித்தேன், போனில் நம் பேச்சில் அது இல்லை. பிறகு எப்படி அது அங்கே இருந்தது? ஒன்றை அழித்தால் அது போக வேண்டாமா? டீச்சரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் நேற்றுக் கேட்டேன். பேச்சில் அழித்தால் பேச்சில் மட்டும்தான் போகும், போனுக்குள் வேறு எங்கோ இருக்கும் என்றார். எங்கே என்று கேட்டேன், அது போனுக்குப் போன் மாறும் என்றார். இரண்டு முறை கேட்டும் எனக்குப் புரியவில்லை.

செவ்வாய் மாலை ஆறு மணிக்குக் கார் வீட்டுக்கு வெளியே ரோட்டோரம் சீமைப்பலா மரத்தடியில் நின்றது, அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான் டேஷ்போர்டு டப்பாவுக்குள் கையை விட்டு, அங்கே வைத்திருந்த கறுப்புப் பெட்டியில் பென் டிரைவைச் சொருகிவிட்டு வந்துவிட்டேன். சோதித்துப் பார்க்கவில்லை. மறுநாள் அவர் தூங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆறரைக்கு மாலை ஜெபத்தின் முதல் மணி அடித்தது. எல்லோரும் வீட்டுக்குள் போகிற நேரம், இயாக்கோப்போ பெரியவரும் இன்னும் மூன்று பேரும் வெள்ளை வேட்டியும் தடியுமாக ஜெபக் காவலுக்கு ரோட்டில் வந்து நின்றுவிட்டார்கள். காவல் நிற்கிற இடத்தில் கார் மறிக்கிறது என்று இயாக்கோப்போ கத்தினார், “பெத்தாயா, உன் ஜப்பான்காரிய உள்ள தள்ளுய்யா, ரெண்டாம் மணி அடிக்கப் போறான்.” அப்பா ஈரத் தலையோடு ஓடிப்போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஜப்பான்காரி பேசினாள். அவள் முடித்ததும் நீ பேசினாய்.

நீ எவ்வளவு சத்தமாகப் பேசினாய் என்பது உனக்குத் தெரியாது அம்மா. கோழிகள் மரத்திலிருந்து விழுந்தன. காவல் நின்றவர்களில் ஒருவர், “யோவ், ஜப்பான்காரி நம்ம பாஷ பேசுறாய்யா” என்று சொன்னது எங்கள் பாய் வரைக்கும் கேட்டது, இன்னொருவர் சிரித்தார், அதற்குள் இரண்டாம் மணி அடித்துவிட்டது. அந்த மணிக்குப் பிறகு இந்த ஊரில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், குழந்தைகூட இருமாது. அத்தை ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்தாள். அந்த அமைதியில் நீ சொன்னாய். “லாங்கி, இது உனக்கு மட்டும். அப்பாகிட்ட போட்டுக் காட்டாத, கேட்டதும் அழிச்சுடு. கிறிஸ்துமஸுக்கு நான் வரலடி. இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் பேர் குடுத்துட்டேன். பண்ணையில விடலன்னு அப்பாகிட்ட சொல்லப்போறேன், ஆனா அவங்க ஒண்ணும் சொல்லல, நானாத்தான் கேட்டேன். முதுகு வலிக்குதுன்னு சொல்றதும் சும்மாதான், அவருக்கு நான் இங்க சந்தோஷமா இருக்கேன்னு தெரியக் கூடாதேன்னு. இங்க எனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. கதவு இருக்கு, சாத்துனா சாத்துனதுதான். ஞாயித்துக்கிழம பத்து மணி வரைக்கும் தூங்குறேன். மணி இல்ல, பாட்டுக்கு ஏன் வரலன்னு யாரும் கேக்கறதில்ல, எத்தன பாய் முடஞ்சன்னு எண்ணிப் பாக்க ஆள் இல்ல. நீ பெரிய பொண்ணு, புரிஞ்சுக்குவ.” இடையில் நீ சிரித்த இடங்களை நான் எழுதவில்லை. ஊர் முழுக்க அதையும் கேட்டது.

இப்போது எனக்குப் புரியாத விஷயத்துக்கு வருகிறேன். அப்பா சாவியை அணைக்கவில்லை. சாவியைத் திருப்பினால் எல்லாம் நின்றுவிடும், அது அவருக்குத் தெரியும், பதினோரு வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறார். நான் பாயிலிருந்து எழுந்துபோய் வாசல் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், அவருடைய கை சாவியில்தான் இருந்தது. இயாக்கோப்போ ஓடிவந்து பானெட்டில் தடியால் தட்டினார், ஜெப நேரம் என்பதால் கத்தவும் முடியாமல் தொண்டைக்குள்ளேயே, “அடக்குய்யா, அத அடக்குய்யா, பாவம்யா” என்றார். அப்பா அவரைப் பார்த்தார், ஆனால் கையை எடுக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. நீ பேசி முடித்தாய். உடனே உன்னுடைய முதல் ஞானப்பாட்டு ஆரம்பித்தது, அப்போதுதான் திருப்பினார். பாட்டைக் கேட்கவே இல்லை. ஜெபம் முடிந்து மூன்றாம் மணி அடிக்கிற வரைக்கும் காருக்குள்ளேயே இருந்தார். பிறகு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் தேங்காய்ப்பாலில் கிழங்கை வைத்துவிட்டு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கையை நீட்டி, “போனக் குடு” என்றார், அவ்வளவுதான். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கிழங்கில் உப்பு இல்லை என்றார். உப்பு இருந்தது.

புதன்கிழமை காலையில் ஊர்ப்பெரியவர்கள் கூடினார்கள், நான் பள்ளிக்குப் போய்விட்டேன், அத்தை கேட்டுவந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஜெப நேரத்தைக் கெடுத்ததற்கு இரண்டு பெட்டி மீன் டின்னும் ஒரு பன்றியும் தண்டம். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இயாக்கோப்போ அப்பாவிடம், “யந்திரம் மக்கர் பண்ணா சாவியப் புடுங்க வேண்டியதுதானே” என்று கேட்டிருக்கிறார். அப்பா, “சாவி மாட்டிக்கிச்சு” என்று சொல்லியிருக்கிறார். அம்மா, அப்பா பொய் சொல்லி நீ பார்த்திருக்கிறாயா? எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்து சொன்னாராம். அதோடு, அந்தக் கறுப்புப் பெட்டியைத் தானேதான் மாட்டியதாகவும், சரியாக மாட்டத் தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். என் பேர் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை. நான்தான் மாட்டினேன் என்று அவரிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை போனேன். அவருக்குத் தெரியாமல் இருக்குமா, கத்தியில் சுற்றிய துணி சீட்டுக்குக் கீழேயே கிடந்தது, அதை அவர் மடித்து அடுப்பங்கரையில் வைத்திருக்கிறார். ஆனால் போய் நின்றால் அவர் ஒரு கேள்வி கேட்டுவிடுவார் என்று திரும்பிவிட்டேன். எத்தனை நாளாக உனக்குத் தெரியும் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? மூன்று வாரம் என்றா? மூன்று வாரமும் கிறிஸ்துமஸுக்கு அம்மா வரும்போது கூரைக்குப் பச்சை அடிக்கலாமா நீலம் அடிக்கலாமா என்று என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நீலம் என்று சொன்னேன்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பாய். பெண்கள் சங்கத்தில் பாய் விஷயத்தில் உன்மேல் கோபம், எண்ணிப் பார்க்கிற ஆள் என்று நீ சொன்னது யாரை என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. அத்தை, “என் தம்பி பொண்டாட்டி தூங்கிட்டுப் போறா, உங்களுக்கென்னடி” என்று அவர்களிடம் சண்டை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, “பத்து மணி வரைக்கும் தூங்குறாளாம், மகாராணி” என்று என்னிடம் திட்டுகிறாள். இரண்டில் எது உண்மை என்று தெரியவில்லை. போதகரின் மனைவி புதன் மாலை ஒரு கிண்ணம் கோக்கோக் கஞ்சி கொண்டுவந்தார். நான் பயந்துகொண்டே வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாததைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று. அவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாக, “நெசமாவே பத்து மணி வரைக்குமா லாங்கி? நடுவுல முழிப்பு வராதா?” என்று கேட்டார். வராதாம் என்றேன். சரி சரி என்று போய்விட்டார். அது கோபமா என்னவென்று எனக்குத் தெரியவில்லை. டாக்சி நிறுத்தத்தில்தான் மோசம். இன்று காலை அப்பா என்னைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் வழியில் அங்கே நிறுத்தினார். மற்ற டிரைவர்கள் ஜன்னலுக்குள் தலையை விட்டு, “என்ன பெத்தாயா, பொண்டாட்டி ஸ்டேஷன் இன்னிக்கு எத்தன மணிக்கு?” “செய்தி வேணாம்பா, பாட்டு மட்டும் போடு” என்றார்கள். அப்பாவும் சிரித்தார். கார் கிளம்பிய பிறகும் கொஞ்ச தூரம் அந்தச் சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டே ஓட்டினார், கழற்றி வைக்க மறந்துவிட்டவர் மாதிரி.

பிறகு பள்ளி வாசலில் என்னை இறங்க விடாமல் ஒன்று கேட்டார். நான் பயந்த கேள்வி வந்துவிட்டது என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். “இதுல பின்னாடி போக எந்த பட்டன்?” என்றார். பாட்டுக்குப் பாட்டு பின்னால் போவதா, ஒரே பாட்டுக்குள்ளேயே பின்னால் போவதா என்று கேட்டேன். “உள்ளேயே. கொஞ்சம் கொஞ்சமா.” இடது அம்பை விடாமல் அழுத்தினால் போகும் என்று காட்டினேன். அவர் இரண்டு முறை தானே அழுத்திப் பார்த்தார், திரையில் எண்கள் குறைந்தன, சத்தத்தை முழுக்க அணைத்து வைத்திருந்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஆள் வராத நேரத்தில் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஞானப்பாட்டை இல்லை. திரையில் சிடி ஒன்று, பாட்டு ஒன்று என்று இருந்தது, அது நீ பேசியது. “அழிச்சுடட்டுமாப்பா?” என்று கேட்டேன். “எதுக்கு?” என்றார். அழிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்பிலிருந்து விரலை எடுத்துவிட்டு, “அவ இப்படிப் பேசி எத்தன வருஷம் ஆச்சு” என்றார். எப்படிப் பேசி என்று கேட்டேன். மணி ஆகிறது, இறங்கு என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உனக்காவது புரிகிறதா பார். நேற்று பன்றியைக் கொண்டுபோய் விட்ட கையோடு அப்பா காரின் தலையில் நாலு ஒட்டுப்பலகையைக் கட்டிக்கொண்டு வந்தார். தூணும் கூரையும் தவிரச் சுவரே இல்லாத நம் வீட்டின் கடல் பக்க மூலையில், நீ பாய் போடுகிற இடத்தில், தூணுக்குத் தூண் அடைத்து ஆணி அடிக்கிறார். அத்தை, “பன்னி போனதும் வீட்டுக்குள்ளயே கொட்டாய் கட்டுறியா” என்று கேட்டாள். கொசு என்றார். ரோட்டில் போன இயாக்கோப்போ நின்று, “நாலு பக்கமும் காத்து வர்ற வீட்ட எவனாவது அடைப்பானா, உனக்கு அந்த யந்திரம் மண்டையையும் கெடுத்துடுச்சா” என்றார், அவருக்கும் கொசு என்றே பதில். இன்று மாலை கதவு வைத்தார். தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் பார்த்தார், கடைசியில் உள்பக்கம் அடித்தார். இது நீ வருவாய் என்று கட்டுகிறாரா, நீ வரமாட்டாய் என்று தெரிந்து அவர் தனியாக இருக்கக் கட்டுகிறாரா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியுமா என்றும் தெரியவில்லை, ஏனென்றால் வேலை முடிந்ததும் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார், ஒரு நிமிடத்தில் திறந்து வெளியே வந்து, “உள்ள புழுக்கமா இருக்கு” என்று ஜன்னல் வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

என் விஷயத்தைக் கடைசிக்கு வைத்தேன். நீ பெரிய பெண், புரிந்துகொள்வாய் என்று சொன்னாய். நான் புரிந்துகொள்ளவில்லை அம்மா. மூன்று வாரம் முயற்சி செய்தேன். நீ தூங்குவது எனக்குப் பிடிக்கிறது, உண்மையாகச் சொல்கிறேன், இங்கே நீ தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஆனால் உனக்குத் தொந்தரவாக இருந்ததை எல்லாம் அதில் ஒவ்வொன்றாகச் சொன்னாய், மணி, பாட்டு, பாய் என்று. அடுத்து என் பேர் வரும் என்று முதல் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வரவில்லை. பிடிக்கிற பக்கத்திலும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஊர் முழுக்கக் கேட்டபோதும் அந்த இடம் வந்ததும் மூச்சைப் பிடித்தேன், இந்தத் தடவை வேறு மாதிரி இருக்குமோ என்று. எவ்வளவு முட்டாள் பார். வருத்தத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்குக் கேட்கத் தெரியவில்லை, அதனால் சொல்லிவிட்டு விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அப்பா முதலில் எப்போதும்போல் முதுகு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார். அதற்கு நீ வலிக்கிறது என்று சொல்லாதே. பண்ணையில் விடவில்லை என்றும் சொல்லாதே. அவர் உண்மை தெரியாதவர்போல் நம்புகிறேன் என்று சொல்லிவிடுவார், அவர் அப்படிச் சொல்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும், என்னால் முடியாது. வரவில்லை என்றால் வரவில்லை என்று அவரிடமே சொல். வருகிறாய் என்றால் அதையும் அவரிடமே சொல். இனிமேல் எனக்கு மட்டும் என்று எதையும் அனுப்பாதே அம்மா. நீ என்னோடு பேச வேண்டாம் என்று சொல்லவில்லை, நிறையப் பேசு, அவர் வீட்டில் இருக்கும்போது சத்தமாகப் போட்டுக் கேட்கிற மாதிரிப் பேசு. உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாதது என்று ஒன்றை வைத்துக்கொண்டு அவருக்குச் சாப்பாடு போட எனக்குக் கை வரவில்லை.

குளிரில் கால் விரல் இடுக்கை ஈரமாக விடாதே, போன வருடம் மாதிரி வெடிக்கும். லெய்ட்டு வெளியூர் போவது இதுதான் முதல் தடவை, வந்த அன்று அவளுக்குச் சோறு போட்டு உன் அறையிலேயே படுக்க வை, அழுதாலும் அழுவாள், கதவைச் சாத்திவிட்டு அழட்டும். அத்தைக்கு முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டது, அடுத்த பெட்டியில் மறக்காமல் வை. கணக்கில் எழுபத்தெட்டு வாங்கினேன். ஆண்டவர் உன் கைகால்களுக்குப் பலம் தரட்டும், உன் தூக்கத்தையும் காக்கட்டும். இதைப் படித்ததும் கிழித்துவிடு என்று எழுத நினைத்தேன், வேண்டாம், வைத்துக்கொள், இதில் அப்பாவுக்குத் தெரியக் கூடாதது ஒன்றும் இல்லை. இதை லெய்ட்டுவிடம் கொடுத்துவிட்டு வந்ததும், எத்தனை நாளாக எனக்குத் தெரியும் என்பதை அவர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடப் போகிறேன். காலையில் காரில், ஜப்பான்காரி பேசி முடித்ததும்.

உன் மகள்,
லாங்கி
வியாழன் இரவு